இரண்டாம் டிகாக்ஷன்

சென்ற வருஷம் என் மனைவிக்கு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியிருந்தது. முடிவைப் பார்த்த டாக்டர், ரத்தத்தில் கொழுப்பு கொஞ்சம் தூக்கலாக இருக்கிறது என்றார். எண்ணெய், நெய், தேங்காய் எல்லாவற்றையும் பற்றி விசாரித்துவிட்டுக் கடைசியில், "வீட்டில் காப்பி எப்படிப் போடுகிறீர்கள்?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் என்றைக்குமே தயார். பித்தளை பில்டர், அதில் மூன்று கரண்டித் தூள், குடையை வைத்து லேசாக ஓர் அழுத்து, தளதளவென்று கொதித்து இறக்கிய வெந்நீர், பிறகு அரைமணி நேரம் பொறுமை என்று ஒரு பிரசங்கமே செய்துவிட்டேன். டாக்டர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அந்த ஓட்டை பில்டரை விட்டுவிட்டுத் தாளில் வடிகட்டிப் பாருங்களேன், சார்" என்றார்.

எனக்கு வந்த கோபத்தை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம். ஓட்டை பில்டராம்! அந்தப் பில்டர் என் தாயார் கல்யாணத்தில் சீராக வந்தது. அதன் வயிற்றுப் பக்கத்தில் அவள் பெயரும் 1947 என்ற வருஷமும் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கின்றன. கும்பகோணத்தில் ஒண்டுக் குடித்தனமாக இருந்த காலத்திலிருந்து இன்று வரை, முக்கால் நூற்றாண்டுக்கு மேலாக, எங்கள் வீட்டில் பொழுது விடிவதே அதில் சொட்டும் சொட்டுச் சத்தத்தில்தான். அதைப் போய் விட்டுவிடுவதா?

வீட்டுக்கு வந்ததும் மனைவி சொன்னாள்: "ஏங்க, டாக்டர் ஏதோ படித்துவிட்டுத்தானே சொல்கிறார்? நீங்களும் கொஞ்சம் படித்துப் பாருங்களேன்."

படித்தேன். டாக்டரை மடக்க வேண்டும் என்றுதான் ஆரம்பித்தேன். ஆனால் ஒரு பில்டரின் அடியிலுள்ள துளை வழியாக எட்டிப் பார்த்தால் எத்தனை தேசங்கள், எத்தனை மனிதர்கள், எத்தனை யுத்தங்கள் தெரிகின்றன! கடைசியில், எங்கள் வீட்டுக்குள்ளேயே நான் பார்க்கத் தவறிய ஒன்றும் தெரிந்தது. அதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில், காப்பியை வடிகட்ட வேண்டும் என்ற யோசனையே மனிதனுக்கு வெகு காலம் தோன்றவில்லை. அராபியரும் துருக்கியரும் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்தார்கள். மண்டி அடியில் தங்கும் வரை காத்திருந்து மேலாகக் குடித்தார்கள். ஐரோப்பாவும் அவர்களிடமிருந்தே கற்றுக்கொண்டது. பிறகு பிரான்சில் தூளைத் துணிப் பையில் கட்டி வெந்நீரில் ஊறவைத்துப் பார்த்தார்கள். துணி நாளடைவில் நாற்றமடிக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. காப்பி வடிகட்டிய துணியை ஒரு வாரம் உபயோகித்துப் பார்த்தவர்களுக்கு அது தெரியும்.

உலோகத்தில் துளை போட்டு, மேலே தூளும் கீழே பாத்திரமுமாக இரண்டு அடுக்கு வைக்கலாம் என்ற யோசனை 1800ஆம் வருஷ வாக்கில் பாரிஸில் பிறந்தது. இது ழான் பாப்டிஸ்ட் தெ பெல்லுவா என்ற கிறிஸ்துவ மதகுருவின் பெயரால் வழங்கி வருகிறது. மகானுபாவர் 1802இல் பாரிஸ் நகரத்தின் ஆர்ச்பிஷப்பாக ஆனபோதே தொண்ணூறு வயதைத் தாண்டியவர். 1808இல், நூறு வயதை எட்டிப் பிடிக்கும் சமயத்தில் காலமானார். காப்பி ஆயுளைக் குறைக்கும் என்பவர்கள் இந்தப் பெரியவரை ஒரு கணம் நினைத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் பாத்திரத்தின் படத்தைப் பார்த்ததும் நான் அசந்து போனேன். மேலே ஓர் அடுக்கு, அதன் அடியில் துளைகள், கீழே ஓர் அடுக்கு, தலையில் ஒரு மூடி. மூக்கையும் பிடியையும் எடுத்துவிட்டால் சாட்சாத் எங்கள் கும்பகோணத்துப் பில்டர்தான்!

இந்தப் பாத்திரத்துக்குச் சாஸ்திரம் எழுதிய ஒருவர் உண்டு. ரம்போர்டு பிரபு என்று பெயர். அமெரிக்காவில் 1753இல் பிறந்தவர். பெஞ்சமின் தாம்சன் என்பது இயற்பெயர். அமெரிக்கச் சுதந்திர யுத்தத்தில் ஆங்கிலேயர் கட்சியில் சேர்ந்து, பிறந்த மண்ணைவிட்டு ஓடியவர். பிறகு ஜெர்மனியில் பவேரியா மன்னரிடம் உத்தியோகம் பார்த்தார். அங்கே மியூனிக் நகரத்துப் பிச்சைக்காரர்களைத் திரட்டி வேலையும் கஞ்சியும் கொடுத்தார். அங்கேயே ஆயுதசாலையில் பீரங்கிக் குழாய் குடைவதை மேற்பார்வை பார்க்கும்போது, குடையக் குடைய உலோகம் ஏன் இப்படிச் சுடுகிறது என்று யோசித்தார். பீரங்கியைச் சுற்றித் தண்ணீர் ஊற்றிக் குடைந்து பார்த்தார். தீ இல்லாமல், விறகு இல்லாமல், இரண்டரை மணி நேரத்தில் தண்ணீர் கொதித்துவிட்டது! உஷ்ணம் என்பது ஒரு பொருள் அல்ல, ஒருவகை அசைவு என்ற பெரிய உண்மைக்கு வழிகாட்டிய பரிசோதனைகளில் இது ஒன்று. 1798இல் லண்டன் ராயல் சொஸைட்டியில் இதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார்.

இப்பேர்ப்பட்டவர் 1812இல் உட்கார்ந்து, காப்பியின் பெருமையையும் அதைச் செவ்வனே தயாரிக்கும் விதத்தையும் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். அவர் சொன்னவற்றில் மூன்று விஷயங்கள் முக்கியமானவை. காப்பியைக் கொதிக்க விடாதே, கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும் என்பது ஒன்று. தூளைக் கலக்காதே என்பது மற்றொன்று. மூன்றாவது, தூளைச் சமனாகப் பரப்பி, மேலே ஒரு தட்டை வைத்து அளவாக அழுத்து. இல்லாவிட்டால் தண்ணீர் சுலபமான வழியைக் கண்டுபிடித்து ஓடிவிடும், தூளின் சாரம் முழுவதும் இறங்காது என்பது.

நம் பில்டரில் குடை என்று ஒன்று இருக்கிறதே, நடுவில் காம்பு முளைத்த ஓட்டைத் தட்டு, அதைப் பலர் வேண்டாத உறுப்பு என்று நினைத்துப் பாத்திர அலமாரியில் போட்டுவிடுகிறார்கள். அந்தக் குடைக்குப் பின்னால் பீரங்கி குடைந்த ஒரு விஞ்ஞானியின் மூளை வேலை செய்திருக்கிறது. உண்மையில் உலோகப் பில்டரில் வடிகட்டுவது உலோகம் அல்ல. துளை பெரிது, நுண்ணிய தூள் அதில் தாராளமாக நுழைந்துவிடும். தூள் படிந்து படுகையாக அமர்ந்தால், அந்தப் படுகையே வடிகட்டி ஆகிறது. ஆற்று மணலில் ஊற்றுத் தோண்டித் தெளிந்த நீர் எடுப்பது போல. குடை அந்தப் படுகையைக் கலையாமல் காப்பாற்றுகிறது, அவ்வளவுதான்.

ரம்போர்டுக்கு நூறு வருஷம் கழித்து, அதே ஜெர்மனியில், டிரெஸ்டன் நகரத்தில், மெலிட்டா பென்ட்ஸ் என்று ஒரு குடும்பத்துப் பெண்மணி இருந்தாள். அவளுக்குக் காப்பி பிடிக்கும், அடியில் தங்கும் மண்டி பிடிக்காது. கடையில் கிடைத்த வடிகட்டிகள் எதுவும் அவளுக்குத் திருப்தி அளிக்கவில்லை. ஒருநாள் ஒரு பித்தளைப் பாத்திரத்தை எடுத்தாள். ஆணியால் அடியில் துளைகள் போட்டாள். பள்ளிக்கூடம் போகும் பிள்ளையின் நோட்டுப் புத்தகத்திலிருந்து மை ஒற்றும் தாளைக் கிழித்து உள்ளே வைத்து, தூளைப் போட்டு வெந்நீர் ஊற்றினாள். கீழே இறங்கியது மண்டியில்லாத, கண்ணாடி போன்ற காப்பி.

1908ஆம் வருஷம் ஜூன் 20ஆந் தேதி இந்த யோசனை பெர்லின் பதிவாலயத்தில் அவள் பெயரில் பதிவாயிற்று. அதே வருஷம் டிசம்பரில், ஒரு மார்க் பணத்துக்கும் குறைவான முதலீட்டில் கம்பெனி ஆரம்பமாயிற்று. கணவரும் பிள்ளைகளுமே சிப்பந்திகள். அடுத்த வருஷம் லைப்ஸிக் சந்தையில் ஆயிரத்துக்கு மேல் விற்றுத் தீர்ந்தது. பிறகு 1914இல் யுத்தம் வந்தது. கணவர் பட்டாளத்துக்குப் போனார். உலோகம் யுத்தத்துக்குப் போயிற்று. தாளுக்குப் பங்கீடு வந்தது. கப்பல் வராததால் காப்பிக்கொட்டையும் இல்லை. எல்லாவற்றையும் தாக்குப் பிடித்து, 1930களில் இன்றைக்கு உலகமெங்கும் தெரிந்த கூம்பு வடிவத்துக்கு அந்தக் கம்பெனி வந்து சேர்ந்தது. மெலிட்டா 1950இல் காலமானாள்.

கவனியுங்கள். அவளும் தொடங்கியது துளை போட்ட பித்தளைப் பாத்திரத்தில்தான். நம் வீட்டுப் பில்டருக்கும் அவளுடையதற்கும் வித்தியாசம் ஒரு துண்டு மை ஒற்றும் தாள்!

இனி நம் தேசத்துக்கு வருவோம். பாபா பூடன் என்ற பெரியவர் மெக்கா யாத்திரையிலிருந்து திரும்பும்போது ஏழு காப்பி விதைகளைக் கொண்டுவந்து, சிக்மகளூர்ப் பக்கத்து மலையில் நட்டார் என்பது எல்லாரும் அறிந்த கதை. மலைக்கும் அவர் பெயரே வழங்குகிறது. ஆனால் காப்பிச் செடி நம் மலையில் வளர்ந்த பிறகும் காப்பி நம் வீட்டுக்குள் வர வெகு காலம் பிடித்தது.

தமிழன் காப்பிக்கொட்டையை முதலில் பெருவாரியாகத் தொட்டது குடிப்பதற்காக அல்ல, பறிப்பதற்காக. 1830களிலிருந்து இலங்கை மலைகளில் ஆங்கிலேயர் காடுகளை அழித்துக் காப்பித் தோட்டம் போட்டார்கள். ராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சி பக்கங்களிலிருந்து ஜனங்கள் பஞ்சம் பிழைக்கத் தோணியேறி மன்னார்க் கரையில் இறங்கி, அங்கிருந்து காட்டு வழியே கண்டிச் சீமைக்கு நடந்தார்கள். வழியில் காலராவிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் கண்டது. இருபது வருஷத்துக்குள் இலங்கைக் காப்பி அநேகமாக அழிந்து தேயிலைக்கு இடம் விட்டது. அந்தக் காப்பியெல்லாம் லண்டனுக்குப் போயிற்று. பறித்தவர்களுடைய சொந்த ஊரில் காலை ஆகாரம் அப்போதும் பழையதும் நீராகாரமும்தான்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும்தான் நம் மத்தியதர வர்க்கத்து வீடுகளில் காப்பி நுழைந்தது. நுழைந்தபோது அதற்குப் பூர்ணகும்பம் எடுக்கவில்லை. பெரியவர்கள் வைதார்கள். நீராகாரம் போய் இந்தக் கறுப்புத் தண்ணீர் வந்ததே, பெண்பிள்ளைகள் கெட்டுப் போகிறார்களே என்று பத்திரிகைகளில் அங்கலாய்த்தார்கள். ஆ. இரா. வேங்கடாசலபதி இந்தச் சரித்திரத்தைத் தேடிப் பிடித்து, 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற தலைப்பில் சுவையாக எழுதியிருக்கிறார்.

காப்பி கிளப்புகள் வந்தபோது அங்கேயும் இரண்டு அடுக்கு இருந்தது. 'பிராமணாள்' என்று பெயர்ப் பலகை தொங்கியது. யார் எங்கே உட்காரலாம், யார் வெளியே நின்று வாங்கிக் குடிக்க வேண்டும் என்ற கணக்கு இருந்தது. அந்தச் சொல்லைப் பலகையிலிருந்து நீக்க வேண்டும் என்று 1957இல் பெரியார் சென்னையில் ஒரு ஹோட்டல் வாசலில் நாள்தோறும் மறியல் நடத்தினார். ஒரு டம்ளர் காப்பி எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம்.

இரண்டாவது உலக யுத்தத்தில் ஐரோப்பியச் சந்தை மூடிப் போனதும், தோட்டக்காரர்களுக்கு உள்ளூர்ச் சந்தை அவசியமாயிற்று. 1942இல் காப்பிச் சட்டம் வந்தது. காப்பி போர்டு வந்தது. கொட்டை நம் ஊர்க் கடைகளில் தாராளமாக விற்பனைக்கு வந்தது. என் தாயார் கல்யாணம் ஆன 1947இல் பில்டர் என்பது சீர்ப் பாத்திரங்களில் ஒன்றாகச் சேர்ந்துவிட்டதற்கு எங்கள் வீட்டுப் பில்டரே அத்தாட்சி.

பித்தளையில் ஒரு தொல்லை உண்டு. உள்ளே ஈயம் பூசியிருக்க வேண்டும். பூச்சுப் போனால் காப்பி களிம்பு வாடை அடிக்கும். "ஈயம் பூசறதே!" என்று தெருவில் குரல் கேட்டதும் அம்மா பில்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடுவாள். துருத்தி ஊதி, பாத்திரத்தைச் சுட வைத்து, நவச்சாரத்தைத் தூவி, வெள்ளீயத்தைப் பஞ்சால் ஓர் இழுப்பு இழுப்பான் அந்த மனிதன். கறுத்துக் கிடந்த உட்புறம் நொடியில் வெள்ளி போல் ஆகிவிடும். சிறுவனான எனக்கு அது ஜாலவித்தை. பூசி முடிந்ததும் அம்மா பில்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, துளை ஏதாவது அடைபட்டிருக்கிறதா என்று ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பாள்.

அந்த ஜாலவித்தைக்கு முடிவு கட்டியது எவர்சில்வர். இங்கிலாந்தில் ஷெபீல்டு நகரத்தில் 1913இல் ஹாரி பிரியர்லி என்பவர் துப்பாக்கிக் குழாய் தேயாமலிருக்க வழி தேடிக்கொண்டிருந்தார். எஃகில் சுமார் 13 சதவீதம் குரோமியம் சேர்த்தபோது, அது சுலபத்தில் துருப் பிடிக்காது என்று கண்டார். பீரங்கி குடைந்தவர் காப்பிக்குச் சாஸ்திரம் எழுதினார்; துப்பாக்கிக்காக உருக்கியது காப்பிக்குப் பாத்திரமாயிற்று. மனிதன் கொல்வதற்குத் தேடியவற்றில் இரண்டாவது இப்படி உருப்பட்டதே என்று சந்தோஷப்படலாம். சுதந்திரத்துக்குப் பிறகு எவர்சில்வர் நம் வீடுகளுக்கு வந்தது. 1981இல் சேலம் உருக்காலையே அந்தத் தகட்டை உற்பத்தி செய்ய ஆரம்பித்தது. ஈயம் பூசுகிறவனின் குரல் தெருவில் தேய்ந்து மறைந்தது.

இவ்வளவும் படித்த பிறகு டாக்டர் விஷயத்துக்கு வந்தேன். இங்கேதான் என் கட்சி தோற்றது.

நார்வே தேசத்தின் வடகோடியில் துரோம்சோ என்று ஓர் ஊர். அங்கே ஆயிரக்கணக்கானவர்களைப் பரிசோதித்து, காப்பி அதிகம் குடிக்கிறவர்களுக்கு ரத்தத்தில் கொலஸ்ட்ரால் அதிகமாயிருக்கிறது என்று 1983இல் வெளியிட்டார்கள். வேறு தேசங்களில் அவ்வளவாக அப்படித் தெரியவில்லை. என்ன காரணம் என்று பார்த்தால், அந்தப் பக்கத்தில் தூளைத் தண்ணீரில் போட்டுக் கொதிக்க வைத்து அப்படியே ஊற்றிக் குடிப்பது வழக்கம்! 1989இல் ஹாலந்துக்காரர்கள் ஒரு கோஷ்டிக்குக் கொதிக்க வைத்த காப்பியும், மற்றொரு கோஷ்டிக்குத் தாளில் வடித்த காப்பியும் கொடுத்துப் பார்த்தார்கள். முன்னவர்களுக்குக் கொலஸ்ட்ரால் ஏறியது, பின்னவர்களுக்கு ஏறவில்லை. காப்பிக்கொட்டையின் எண்ணெயில் கபெஸ்டால் என்று ஒரு பொருள் இருக்கிறது. வேலையைக் காட்டுவது அதுதான். தாள் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. 2020இல் நார்வேயில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் சுமார் இருபது வருஷம் கவனித்த ஆராய்ச்சி ஒன்று வெளிவந்தது. வடிகட்டாத காப்பி குடித்தவர்களைவிடத் தாளில் வடிகட்டிக் குடித்தவர்களிடையே மரணம் குறைவு என்று அது சொல்லிற்று.

நம் உலோகப் பில்டர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. தூள் படுகை ஏதோ கொஞ்சம் எண்ணெயைப் பிடித்துக்கொள்ளும். ஆனால் உலோகத் துளை எண்ணெயைத் தடுக்காது. டிகாக்ஷனின் மேலே மினுமினுவென்று ஓர் ஆடை மிதக்கிறதே, எந்த மினுமினுப்பைப் பார்த்து நான் "அடடா, இதல்லவா காப்பி!" என்று ஐம்பது வருஷமாக உருகி வந்தேனோ, அதுதான் டாக்டர் குறிப்பிட்ட எதிரி. சிங்கப்பூரில் கடைக்காரர்கள் நீளத் துணிப்பையில் வடித்துக் கொடுக்கும் காப்பியில் இந்த எண்ணெய்ப் பொருள் மிகச் சொற்பம் என்று 2011இல் ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. தாள் இல்லாவிட்டாலும் துணி காப்பாற்றுகிறது. பித்தளை மட்டும் காப்பாற்றாது.

ஆக, டாக்டர் சொன்னது சரி. மனைவியிடம் ஒப்புக்கொண்டேன். பில்டரை என்ன செய்வது என்பதுதான் பாக்கி.

அதை யோசித்துக்கொண்டு சமையலறையில் நின்றபோதுதான் அம்மாவின் ஞாபகம் வேறு விதமாக வந்தது.

எங்கள் வீட்டில் காலையில் இறங்கும் முதல் டிகாக்ஷன் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும். யாராவது விருந்தாளி வந்தால் அவருக்கும். அதன் கடைசி விளிம்பில் பால் நிறைய விட்டுக் குழந்தைகளான எங்களுக்கு. பிறகு அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றுவாள். வெளிறிப் போன இரண்டாம் டிகாக்ஷன் இறங்கும். எல்லாரும் குளித்துச் சாப்பிட்டு, அப்பா ஆபீசுக்கும் நாங்கள் பள்ளிக்கூடத்துக்கும் கிளம்பும் தறுவாயில், அம்மா சுவரோரமாக உட்கார்ந்து அதைக் குடிப்பாள். டபரா கிடையாது, வெறும் டம்ளர். ஒருநாள் நான், "ஏம்மா, உனக்கு நல்ல காப்பி வேண்டாமா?" என்று கேட்டேன். "எனக்கு இதுதான்டா பிடிக்கும், திக்காக இருந்தால் நெஞ்சைக் கரிக்கும்" என்றாள். நம்பினேன். நம்புவது சௌகரியமாக இருந்தது.

எனக்கு 1978இல் கல்யாணம் ஆயிற்று. என் மனைவி வந்த இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, அடுப்பங்கரையில் முதல் டம்ளர் காப்பியைக் கலந்து, டபராவில் வைத்து, அம்மாவிடம் நீட்டினாள். அம்மா அதை வாங்கவில்லை. கூடத்தில் அப்பா இருந்த திசையைப் பார்த்தாள். பிறகு, "முதல்லே அங்கே கொண்டு போய்க் கொடும்மா" என்றாள். "அவங்களுக்கும் இருக்கு, அத்தை. இது உங்களுக்கு" என்றாள் என் மனைவி. நான் அங்கேதான் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். அம்மா டம்ளரை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். குடித்து முடிக்க வெகு நேரம் ஆயிற்று. நெஞ்சைக் கரிக்கிறது என்று அன்றைக்கும் சொல்லவில்லை, அதன் பிறகு 2003இல் கண்ணை மூடும் வரை ஒருநாளும் சொல்லவில்லை.

அன்று நான் பத்திரிகையிலிருந்து தலை நிமிர்ந்தேன், மறுபடி குனிந்துகொண்டேன். கதை எழுதுகிறவனுக்குக் கண் கூர்மை என்று ஜனங்கள் சொல்வார்கள். என் கண் எங்கே இருந்தது?

ரம்போர்டின் பெருமை, பெல்லுவாவின் வயது, பிரியர்லியின் உருக்கு எல்லாம் புத்தகங்களில் இருக்கின்றன. முதல் டிகாக்ஷன் யாருக்கு, இரண்டாவது யாருக்கு என்ற கணக்கு எந்தப் புத்தகத்தில் இருக்கிறது? சீராக வந்த பில்டரில் பெயர் அம்மாவினுடையது. அதில் இறங்கிய நல்ல காப்பி மற்றவர்களுடையது. எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க எனக்குத் தைரியம் இல்லை. இதைப் படிக்கிறவர்களில் அநேகர் தங்கள் தாயாரையோ பாட்டியையோ இந்நேரம் நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பில்டரை நான் விடவில்லை. டாக்டர் சொல்லையும் தட்டவில்லை. கடையில் கூம்புத் தாள் ஒரு கட்டு வாங்கினேன். பித்தளைப் பில்டரில் எப்போதும் போல டிகாக்ஷன் இறக்குகிறேன். இறங்கியதை ஒரு சிறிய புனலில் தாளை வைத்து அதன் வழியாக மறுபடி ஊற்றுகிறேன். கொஞ்சம் நேரம் பிடிக்கிறது, மினுமினுப்பு தாளோடு நின்றுவிடுகிறது. ருசி சற்று மாறித்தான் இருக்கிறது. வாய்க்குள் கனம் குறைவு, மணம் தெளிவு. இரண்டு வாரத்தில் நாக்கு ஒப்புக்கொண்டுவிட்டது. துளை அடைத்தால் மேல் அடுக்கின் அடியை அடுப்புத் தணலில் காட்டித் தட்டினால், கருகிய பொடி உதிர்ந்துவிடும். ஈயம் உள்ள பித்தளைக்கு அது ஆகாது, எவர்சில்வருக்குத்தான். பித்தளையை வெந்நீரில் ஊறவைத்து ஊசியால் குத்திவிடுகிறேன். பிறகு அம்மா செய்தது போல வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறேன்.

இந்த வேலையெல்லாம் இப்போது என்னுடையது. எழுபது வயதுக்கு மேல் கற்றுக்கொண்ட வித்தை. தாளில் வடித்த முதல் டம்ளரைக் கொண்டு போய் மனைவியிடம் கொடுக்கிறேன்.

ஒருநாள் அவள் எழுந்திருப்பதற்கு முன், அதே தூளில் மறுபடி வெந்நீர் ஊற்றி, இரண்டாம் டிகாக்ஷனை இறக்கிப் பால் கலந்து, வெறும் டம்ளரில் விட்டுக் குடித்துப் பார்த்தேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை.

நன்றாகவே இல்லை. அம்மா பொய் சொல்லியிருக்கிறாள்.